கோப்பியும் கொப்பியும்

ஒரு வியாபாரி நாள் முழுக்கச் செய்கின்ற வேலையை இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று, கடைக்குள் நடக்கின்ற வேலை. சாமான் இறக்குவது, விலை சொல்வது, நிறுத்துக் கொடுப்பது, காசு வாங்குவது, கடனுக்குக் கேட்டு வருபவரைச் சமாளிப்பது. மற்றது, தாளும் பேனையும் கேட்கின்ற வேலை. அடுத்த மாதம் எதை எவ்வளவு எடுப்பது, எந்தச் சாமானில் காசு முடங்கிக் கிடக்கிறது, வங்கிக்குக் கொடுக்கும் கடன் விண்ணப்பத்தில் என்ன எழுதுவது, பெரிய இடமொன்று கேட்ட விலைமனுவுக்கு என்ன விலை போடுவது. முதலாவது வேலை நம்மைத் தேடிக் கடைக்கே வரும். இரண்டாவது வேலை வராது. நாமாக உட்கார்ந்தால்தான் அது நடக்கும்.

இந்த இரண்டாவது வேலைக்கு நம்மில் அநேகரிடம் ஓர் இடமே இல்லை. அதற்குக் கோப்பிக்கடையில் ஒரு மேசை போதும் என்பதுதான் இந்த வாரம் நான் சொல்ல வந்த விடயம். இது வேடிக்கைப் பேச்சு என்று யாரும் நினைக்க வேண்டாம். உலகத்தின் பெயர்பெற்ற காப்புறுதிச் சந்தை ஒன்றும், லண்டன் பங்குச் சந்தையும் கோப்பிக்கடை மேசைகளில் தொடங்கியவைதான். அந்த வரலாற்றைப் பின்னால் சொல்கிறேன். முதலில் நம்முடைய நிலைமையைப் பார்ப்போம்.

தள்ளிப்போட்டால் என்ன நட்டம்?

2022 மார்ச் மாதம் வரை ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது. அதே ஆண்டு மே மாதமாகும்போது அது 350 ரூபாவைத் தாண்டிவிட்டது. அந்தக் காலத்தில் பழைய விலைக்கு எடுத்த சாமானை வழமையான இலாபம் வைத்து விற்றவர்களின் லாச்சியில் காசு நிறைந்திருந்தது. அதே சாமானைத் திரும்ப எடுக்கப் போனபோதுதான் விடயம் விளங்கியது.

கணக்கு இதுதான். 1,000 ரூபாவுக்கு எடுத்ததை 1,150 ரூபாவுக்கு விற்றால் 150 ரூபா இலாபம் என்று புத்தகம் சொல்லும். ஆனால் அதை மீண்டும் எடுக்க 1,700 ரூபா வேண்டுமென்றால், ஒவ்வொரு முறை விற்கும்போதும் 550 ரூபா முதல் குறைகிறது. கடையில் சனம் கூடக் கூட முதல் வேகமாகக் கரையும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. அரைத் தாளும் பத்து நிமிடமும் போதும். அந்தப் பத்து நிமிடம் கிடைத்தவர்கள் விலையைத் திருத்திக்கொண்டார்கள். கிடைக்காதவர்களில் சிலர் இறாக்கை வெறுமையானபோதுதான் கணக்குப் பார்த்தார்கள்.

இன்னோர் உதாரணம். 2024 ஜனவரி 1 ஆம் திகதி பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமாகக் கூட்டப்பட்டது. வரிக்குப் பதிவு செய்ய வேண்டிய வருட விற்பனை எல்லையும் எட்டுக் கோடி ரூபாவிலிருந்து ஆறு கோடியாகக் குறைக்கப்பட்டது. நடுத்தர வியாபாரிகள் பலருக்கு 'நாம் இந்த எல்லைக்குள் வருகிறோமா இல்லையா?' என்ற கேள்வியே அப்போதுதான் முதன்முதலாக எழுந்தது. அதற்கு விடை கடைத் திண்ணையில் நின்றபடி கிடைக்காது. பன்னிரண்டு மாத விற்பனையையும் ஒரு தாளில் கூட்டிப் பார்க்க வேண்டும்.

கடையும் வீடும் ஏன் சரிவருவதில்லை?

'கடையிலேயே ஒரு மேசை இருக்கிறதே, அங்கே எழுதினால் என்ன?' என்று கேட்கலாம். முதலாளி கண்ணில் படுகின்ற இடத்தில் இருக்கும்வரை எல்லாக் கேள்வியும் அவரிடமே வரும். வேலை செய்யும் பிள்ளை விலை கேட்பான். லொறிக்காரர் கையொப்பம் கேட்பார். பழைய வாடிக்கையாளர் சலாம் சொல்லி நலம் விசாரிப்பார். அவரோடு இரண்டு வார்த்தை பேசாமல் தலையைக் குனிந்து எழுதினால் 'ஹாஜியாருக்குப் பெருமை வந்துவிட்டது' என்பார்கள். நானும் எனது கடையில் இருந்தபடி விலைப்பட்டியல் எழுதப் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் எழுதி முடிய அஸர் ஆகிவிடும்.

வீட்டுக்குக் கொண்டுபோனால் அங்கே வேறு கதை. நாள் முழுக்கக் காணாத பிள்ளைகள் மடியில் ஏறுவார்கள். அது அவர்களுடைய உரிமை. உடம்பும் அந்த நேரம் ஓய்வைத்தான் கேட்கும். சாப்பிட்ட கையோடு கணக்குக் கொப்பியை விரித்தால் இரண்டாவது வரியில் கண் சொருகும்.

அமெரிக்க சமூகவியலாளர் ரே ஓல்டன்பேர்க் 1989 இல் வெளியிட்ட ஒரு நூலில் இதற்கு ஒரு பெயர் வைத்தார். வீடு முதலாவது இடம், வேலைத்தலம் இரண்டாவது இடம், இவை இரண்டும் அல்லாத பொதுவான ஒன்றுகூடும் இடம் மூன்றாவது இடம் என்றார். கோப்பிக்கடை அதற்கு அவர் சொன்ன முக்கியமான உதாரணங்களில் ஒன்று. மனிதர்கள் அங்கே கூடிக் கதைப்பதைப் பற்றித்தான் அவர் அதிகமாகப் பேசினார். ஆனாலும் அந்த மூன்றாவது இடத்தில் இருக்கும்போது நாம் வாப்பாவும் இல்லை, முதலாளியும் இல்லை. ஒரு கோப்பை கோப்பிக்குக் காசு கொடுத்த ஓர் ஆள், அவ்வளவுதான். யாரும் விலை கேட்டு வரமாட்டார்கள். இது வியாபாரிக்குப் பெரிய விடுதலை.

யெமனிலிருந்து ஸ்தன்பூல் வரை

கோப்பி விழித்திருப்பதற்காகக் குடிக்கப்பட்ட பானம் என்பது அதன் வரலாற்றிலேயே இருக்கிறது. 15 ஆம் நூற்றாண்டில் யெமன் தேசத்து சூபிகள் இரவு திக்ருகளில் தூக்கம் வராமல் இருக்க அதை அருந்தினார்கள். மொக்கா துறைமுகத்தின் பெயர் இன்றும் கோப்பியோடு ஒட்டியிருக்கிறது. அங்கிருந்து அது மக்காவுக்கும் கெய்ரோவுக்கும் போனது.

1511 இல் மக்காவில் அதிகாரியாக இருந்த காயிர் பேக் கோப்பிக்குத் தடை போட்டார். பானத்தின் மீது இருந்த ஐயத்தோடு, அதைச் சுற்றிச் சனம் கூடிப் பேசுவதும் அவருக்குப் பிடிக்கவில்லை. அந்தத் தடை நீண்ட காலம் நிற்கவில்லை. கோப்பிக்கடையைப் பற்றிய முறைப்பாடு அன்றிலிருந்தே இதுதான்: அங்கே போகிறவர்கள் குடிப்பதோடு நிற்பதில்லை, உட்கார்ந்து விடுகிறார்கள்.

உஸ்மானிய வரலாற்றாசிரியர் இப்ராஹீம் பெச்சேவி எழுதிய குறிப்பின்படி, 1550 களின் நடுப்பகுதியில் ஹலப் நகரத்தவர் ஒருவரும் திமிஷ்க் நகரத்தவர் ஒருவரும் ஸ்தன்பூலில் கோப்பிக்கடை திறந்தார்கள். அங்கே வந்தவர்களில் சிலர் புத்தகம் வாசித்தார்கள், சிலர் சதுரங்கம் ஆடினார்கள், சிலர் தாங்கள் புதிதாக எழுதிய கவிதைகளைக் கொண்டுவந்து காட்டினார்கள் என்று அவர் பதிந்திருக்கிறார். எழுத்தும் கோப்பிக்கடையும் சேர்ந்தது பாரிஸ் நகரத்தில் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த வழமை முஸ்லிம்களின் நகரங்களில் அதற்கு முன்பே இருந்தது.

லொயிட் என்பவரின் கடை

லண்டன் நகரத்தின் முதலாவது கோப்பிக்கடை 1652 இல் கோர்ன்ஹில் பகுதியில் ஓர் ஒழுங்கைக்குள் திறக்கப்பட்டது. அதை நடத்தியவர் பஸ்குவா ரோசே. லெவன்ட் பிரதேசத்தில் வியாபாரம் செய்த ஆங்கிலேய வர்த்தகர் ஒருவரிடம் வேலை செய்தவர். அதன்பின் இப்படியான கடைகள் பெருகின. ஒரு பென்னி கொடுத்தால் கோப்பியும் கிடைக்கும், செய்தித்தாளும் கிடைக்கும், நாட்டு நடப்புத் தெரிந்தவர்களின் பேச்சும் கிடைக்கும். இதனால் அவற்றுக்குப் 'பென்னிப் பல்கலைக்கழகம்' என்று பெயர் வந்தது. 1675 டிசம்பரில் இரண்டாம் சார்ள்ஸ் மன்னர் எல்லாக் கோப்பிக்கடைகளையும் மூடும்படி பிரகடனம் செய்தார். எதிர்ப்பு வலுத்ததால் சில நாட்களுக்குள்ளேயே அதைத் திரும்பப் பெற்றார்.

இந்தக் கடைகளில் ஒன்று எட்வர்ட் லொயிட் என்பவருடையது. 1688 இல் டவர் வீதியில் அது இருந்ததற்கு எழுத்துச் சான்று இருக்கிறது. 1691 இல் லொம்பார்ட் வீதிக்கு இடம் மாறியது. துறைமுகத்தோடு தொடர்புள்ளவர்கள் அங்கே கூடினார்கள். கப்பல் சொந்தக்காரர், மாலுமி, சரக்கு அனுப்பும் வர்த்தகர் எல்லோரும் வந்தார்கள். வந்தவர்களுக்கு என்ன வேண்டும் என்பதை லொயிட் கவனித்தார். கோப்பியோடு பேனையும் மையும் தாளும் கொடுத்தார். எந்தக் கப்பல் எங்கே வந்து சேர்ந்தது, எது வரவில்லை என்ற செய்திகளைத் திரட்டினார்.

கடலில் சரக்கு அனுப்புபவர், கப்பலின் விபரத்தையும் சரக்கின் விபரத்தையும் ஒரு தாளில் எழுதிச் சுற்றுக்கு விடுவார். நட்டத்தில் பங்கேற்கச் சம்மதிப்பவர் அதன் அடியில் தன் பெயரை எழுதி, எவ்வளவு தொகைக்கு என்பதையும் குறிப்பார். காப்புறுதி ஏற்பவரை 'அடியில் எழுதுபவர்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் 'அண்டர்ரைட்டர்' என்று சொல்வது இதனால்தான். 1713 இல் லொயிட் இறந்த பின்னும் அவருடைய பெயர் நின்றது. 1734 இல் 'லொயிட்ஸ் லிஸ்ட்' என்ற கப்பற் செய்தித்தாள் தொடங்கியது. அது 2013 வரை அச்சில் வந்து, அதன்பின் இணையத்தில் தொடர்கிறது. 1771 இல் 79 பேர் ஆளுக்கு 100 பவுண் போட்டுத் தமக்கென்று ஓர் இடம் தேடினார்கள். 1774 இல் றோயல் எக்ஸ்சேன்ஜ் கட்டடத்துக்குப் போனார்கள். இன்று லண்டனில் உயர்ந்து நிற்கும் லொயிட்ஸ் கட்டடத்தில் வேலை செய்யும் சீருடைப் பணியாளர்களுக்கு இன்னமும் 'வெயிட்டர்' என்றுதான் பெயர்.

காப்புறுதி பற்றிய மார்க்கச் சட்டம் வேறு விடயம், அதை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தச் சந்தை அடிமைகளை ஏற்றிய கப்பல்களுக்கும் காப்புறுதி கொடுத்தது என்பதும், 2020 இல் அதற்காக மன்னிப்புக் கேட்டது என்பதும் உண்மை. நான் இங்கே எடுத்துக்கொள்வது ஒன்றை மட்டும்தான். ஒரு மேசை, ஒரு தாள், நம்பகமான செய்தி, அக்கம்பக்கத்தில் தொழில் தெரிந்த மனிதர்கள். இவை ஒரே இடத்தில் சேர்ந்தபோது எழுத்து வேலை நடந்தது. அந்த எழுத்திலிருந்து பெரிய தொழில் வளர்ந்தது.

இதே போலத்தான் ஜொனதன்ஸ் என்ற இன்னொரு கோப்பிக்கடையும். 1698 இல் ஜோன் காஸ்டிங் என்பவர் அங்கிருந்து பங்குகள், நாணயம், சரக்குகள் ஆகியவற்றின் விலைப்பட்டியலை ஒழுங்காக வெளியிடத் தொடங்கினார். லண்டன் பங்குச் சந்தையின் வேர் அங்கேதான் இருக்கிறது. காஸ்டிங் செய்தது என்ன? எல்லோரும் வாயால் பேசிக்கொண்டிருந்த விலையை ஒரு தாளில் ஒழுங்காக எழுதினார். நம்முடைய தேத்தண்ணிக் கடைகளிலும் வெங்காய விலை, சீனி விலை, டொலர் விலை எல்லாம் நாள்தோறும் பேசப்படுகிறது. எழுதி வைப்பவர் எத்தனை பேர்?

அங்கே மூளை ஏன் ஓடுகிறது?

இதற்கு மூன்று காரணங்கள் சொல்லலாம். முதலாவது, சத்தம். 2012 இல் ஒரு நுகர்வோர் ஆய்வுச் சஞ்சிகையில் ரவி மேத்தா, ஜூலியட் சூ, அமர் சீமா ஆகிய மூவரின் ஆய்வு வெளிவந்தது. மூன்று அளவுச் சத்தத்தில் ஆட்களுக்குப் புதிய யோசனை கேட்கும் வேலைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். 50 டெசிபல் என்கிற அமைதியான சூழலை விட, 70 டெசிபல் என்கிற நடுத்தரச் சத்தத்தில் யோசனைகள் நன்றாக வந்தன. 85 டெசிபலுக்குப் போனபோது வேலை கெட்டது. சனம் இருக்கும் கோப்பிக்கடையின் இரைச்சல் கிட்டத்தட்ட அந்த நடுத்தர அளவில் இருக்கும். வீதி வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தால் பலன் கிடைக்காது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இது புதிதாக யோசிக்கும் வேலைக்குப் பொருந்துவது. நீண்ட இலக்க வரிசையைப் பிழையில்லாமல் கூட்டுவதற்கு அமைதியே நல்லது. பக்கத்து மேசைக்காரர் ஓர் இலக்கத்தைச் சத்தமாகச் சொன்னால் நம்முடைய கூட்டல் குழம்பிவிடும்.

இரண்டாவது, மேசைக்கு ஒரு காலக்கெடு இருக்கிறது. ஒரு கோப்பியை வைத்துக்கொண்டு நாள் முழுக்க இருக்க மனம் வராது. ஒரு மணித்தியாலத்தில் எழும்ப வேண்டும் என்று தெரிவதால் கை தானாக வேகம் பிடிக்கும். சுற்றி இருப்பவர்களில் ஓரிருவர் மும்முரமாக வேலை செய்வதைப் பார்க்கும்போது நமக்கும் சோம்பல் விட்டுப்போகும்.

மூன்றாவது, கோப்பியில் உள்ள கஃபீன். மூளையில் களைப்பை உணர்த்தும் அடெனோசின் என்ற பொருளின் வேலையை அது தடுக்கிறது. குடித்து அரை மணி முதல் ஒரு மணித்தியாலத்துக்குள் அதன் வேகம் உச்சத்துக்கு வரும். உடம்பிலிருந்து பாதியளவு நீங்கவே ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் எடுக்கும். ஆகவே மஃரிபுக்குப் பின் குடித்த கோப்பி நடுச்சாமத்திலும் உடம்பில் இருக்கும். தூங்குவதற்கு ஆறு மணித்தியாலம் முன்பு 400 மில்லிகிராம் எடுத்தவர்களின் தூக்கம் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் குறைந்ததாக 2013 இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. சுகதேகிகளுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம்தான் எல்லை என்று சொல்லப்படுகிறது. இது ஏறத்தாழ நான்கு கோப்பை கோப்பி. கர்ப்பிணிகளுக்கு 200 மில்லிகிராம். இருதய நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கோப்பி குடிக்காதவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. நமது நாடே ஒரு காலத்தில் கோப்பி நாடுதான். 1869 இல் இலை நோய் வந்து தோட்டங்களை அழித்த பின்புதான் தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. பிளேன்டீயிலும் கஃபீன் இருக்கிறது, அளவில் குறைவு. மல்லிக் கோப்பி குடித்தாலும் மேசையின் பலன் கிடைக்கும்.

எழுத்தாளர்கள் கண்ட பயன்

ஹெரி பொட்டர் கதைகளை எழுதிய ஜே. கே. றோலிங், 1990 களின் நடுவில் எடின்பரோ நகரில் கைக்குழந்தையோடு தனியாக இருந்தவர். பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்து நடப்பார். பிள்ளை தூங்கியதும் பக்கத்திலுள்ள கோப்பிக்கடைக்குள் போய் எழுதுவார். அது கண் விழிக்கும் வரை எழுதுவார். அவர் போன கடைகளில் ஒன்று உறவினர் ஒருவருடையது என்பதால் நீண்ட நேரம் இருக்க முடிந்தது. முதலாவது புத்தகம் 1997 இல் வெளிவந்தது. அவரிடம் அலுவலகமும் இருக்கவில்லை, நாள் முழுக்க நேரமும் இருக்கவில்லை. துண்டு துண்டாகக் கிடைத்த நேரத்தை ஒரு மேசைக்குக் கொண்டுபோனார்.

1988 இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற எகிப்திய எழுத்தாளர் நஜீப் மஹ்பூஸ் அரசாங்க உத்தியோகம் பார்த்துக்கொண்டே எழுதியவர். 1971 இல்தான் ஓய்வுபெற்றார். கெய்ரோ நகரத்துக் கோப்பிக்கடைகளில் அமர்வது அவருடைய ஆயுட்கால வழக்கம். அங்கே வருகின்ற மனிதர்களை அவர் பார்த்தார், அவர்களது பேச்சைக் கேட்டார். 1974 இல் அவர் வெளியிட்ட ஒரு நாவலின் களமே ஒரு கோப்பிக்கடைதான். வியாபாரிக்கும் இதில் பாடம் உண்டு. வாடிக்கையாளர் நம் கடையில் நின்று சொல்லாத விடயத்தைத் தேத்தண்ணிக் கடையில் சொல்வார். எதன் தரம் குறைந்துவிட்டது, எந்தக் கடையில் மரியாதை இல்லை என்பதெல்லாம் அங்கே காதில் விழும்.

செய்கின்ற முறை

ஸ்பெயார் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் இளைஞர் ஒருவரிடம் இந்த யோசனையைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டு கேட்டார்: "நானா, கடைய உட்டுட்டு கோப்பிக்கடையில போய்க் குந்தினா ஆக்கள் என்ன சொல்லுவாங்க?"

"கையில கொப்பி இல்லாமப் போனா வெட்டியா குந்திக்கிறான்னு சொல்லுவாங்க தம்பி. கொப்பியோட போங்க" என்றேன்.

அவருடைய கேள்வியில் நியாயம் இருக்கிறது. கோப்பிக்கடை வீண்பேச்சுக்கும் இடம், வேலைக்கும் இடம். எதற்கென்று தீர்மானிப்பது போகிறவர் கையில் இருக்கிறது. அதற்குச் சில ஒழுங்குகள் சொல்கிறேன்.

போகும்போது ஒரே ஒரு வேலையைக் கொண்டுபோங்கள். 'விற்காமல் கிடக்கும் பத்துச் சாமான்' என்றோ, 'வங்கிக் கடிதம்' என்றோ கொப்பியின் மேலே எழுதிக்கொண்டு உட்காருங்கள். மூன்று வேலையைக் கொண்டுபோனால் ஒன்றும் முடியாது.

வாரத்தில் ஒரு நாள், ஒரு நேரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். கடையில் சனம் குறைவான நேரமாக இருக்கட்டும். காலையில் கடை திறந்து ஒழுங்கானதும் போய், லுஹருக்கு முன் திரும்பி விடலாம். அந்த நேரம் கடையைப் பார்க்க ஒருவரிடம் பொறுப்புக் கொடுங்கள். மகனோ, பழைய ஊழியரோ ஒரு மணித்தியாலம் தனியாகக் கடையை நடத்திப் பழகுவதும் ஓர் இலாபம்தான்.

கையடக்கத் தொலைபேசியைச் சத்தமில்லாமல் வையுங்கள். அது மேசையில் அடித்துக்கொண்டிருந்தால் கடையே உங்களோடு வந்துவிட்டது என்று அர்த்தம்.

தெரிந்தவர்கள் கூடுகின்ற கடையைத் தவிருங்கள். இரண்டு வீதி தள்ளிப் போங்கள். சுவரோரம் உள்ள மேசை நல்லது. உங்கள் கொள்விலை, கடன் கொடுத்தவர் பெயர், வாடிக்கையாளரின் விபரம் எழுதிய தாள் பக்கத்து மேசைக்குத் தெரியக்கூடாது. அது பிறருடைய அமானிதம். கடையின் பொது வைஃபையில் வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டாம். பெரிய கணக்குக் கூட்டலையும் காசு எண்ணுவதையும் கடைக்கே விட்டுவிடுங்கள்.

எழும்பும் முன் கடைசி ஐந்து நிமிடத்தில், 'நாளைக்குச் செய்ய வேண்டியது' என்று ஒரு வரி எழுதுங்கள். யோசித்ததெல்லாம் அந்த வரி இல்லாவிட்டால் கோப்பிக்கடையிலேயே நின்றுவிடும்.

குளிரூட்டிய கடைகளில் கோப்பி விலை இப்போது கூடுதல்தான். அந்தக் காசை ஒரு மணித்தியாலத்துக்கான மேசை வாடகையாகக் கணக்குப் பாருங்கள். அது கட்டாதவர்களுக்குச் சாதாரண தேத்தண்ணிக் கடையே போதும், சனம் குறைந்த நேரமாக இருந்தால் சரி.

வீட்டிலிருந்து கேக் செய்தும் தைத்தும் வியாபாரம் செய்கின்ற சகோதரிகளுக்கும் இந்த ஒரு மணித்தியாலம் தேவை. ஒரு கேக்குக்கு முட்டை, பட்டர், கேஸ் எல்லாம் சேர்த்து என்ன செலவு என்று எழுதிப் பார்க்காமல் விலை சொல்பவர்கள் பலர். குடும்பத்தோடு இருக்க வசதியான கடையோ, ஊர் நூலகமோ, சகோதரியின் வீட்டு மேசையோ எதுவாகவும் இருக்கலாம். அந்த நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது வீட்டு ஆண்களின் பங்கு.

கடை நடத்துவோருக்கு ஒரு வார்த்தை

நமது சமூகத்தில் ஹோட்டலும் தேத்தண்ணிக் கடையும் நடத்துபவர்கள் அநேகர். ஒரு கோப்பியோடு ஒரு மணித்தியாலம் இருப்பவரைக் கண்டால் அவர்களுக்கு எரிச்சல் வருவது இயல்பு. பகல் சாப்பாட்டு நேரத்தில் அந்த எரிச்சல் நியாயமானது. ஒரு மேசைக்கு நான்கு பேர் காத்திருக்கும்போது எழுதுபவர் எழும்பத்தான் வேண்டும். அப்படிச் செய்வது அவருடைய பண்பு.

ஆனால் காலை பத்து மணிக்கும், பிற்பகல் மூன்று மணிக்கும் கதிரைகள் வெறுமையாகத்தானே இருக்கின்றன? அந்த நேரத்தில் சுவரோரம் இரண்டு மேசையை ஒதுக்குங்கள். நல்ல வெளிச்சம், மின் செருகி, தொலைக்காட்சிச் சத்தம் குறைவு, மேசையில் ஈரமில்லாமல் துடைத்து வைப்பது, இவ்வளவுதான் தேவை. வேலை செய்ய வருபவர் இரண்டாவது கோப்பியும் கேட்பார், ரோல்ஸும் கேட்பார், அடுத்த வாரமும் வருவார், தன்னிடம் வியாபாரம் பேச வருபவரையும் அங்கேயே வரச் சொல்வார். எட்வர்ட் லொயிட் தாளையும் மையையும் கொடுத்தது தர்மத்துக்காக அல்ல. மேசையில் வேலை நடந்தால் கடைக்குச் சனம் வரும் என்பதை அவர் விளங்கிக்கொண்டார்.

வர்த்தக நண்பர்களே, நம் வாப்பாமாரின் காலத்தில் விலை மாதக்கணக்கில் மாறாமல் இருந்தது. வரி விடயங்களும் இவ்வளவு சிக்கலாக இருக்கவில்லை. மனக்கணக்கு அவர்களுக்குப் போதுமாக இருந்தது. இன்று டொலர் மாறினால் விலை மாறுகிறது, வரி மாறினால் பற்றுச்சீட்டு மாறுகிறது. இந்தக் காலத்தில் நின்றபடியே வியாபாரம் செய்ய முடியாது, சற்று உட்கார்ந்து எழுதவும் வேண்டும். இந்த வாரம் ஒரே ஒரு மணித்தியாலம் ஒதுக்கிப் பாருங்கள். முதலாவது தாளில், உங்கள் கடையில் அதிகம் விற்கின்ற ஐந்து சாமான்களையும் எழுதுங்கள். பக்கத்தில், அவற்றை இன்று திரும்ப எடுப்பதற்கு என்ன விலை என்று எழுதுங்கள். அந்த இரண்டு வரிசையைப் பார்த்தாலே அடுத்த வாரம் என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்துவிடும், இன்ஷா அல்லாஹ்.